மறதி யார் குற்றம்?

மலைநாட்டுத் தோட்டங்களிலே முதுமையுற்றோரைப் பற்றி ஒரு தீர்ப்பு நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. “சொல்லிக் கொடுத்தாலும் விளங்காது, விளங்கினாலும் நினைவிராது” என்பதே அத்தீர்ப்பு. மருந்து கொடுக்கும் சாளரத்துக்கு அப்பால் இருப்பவர் அதனைச் சலிப்போடு சொல்கின்றார். மகன் கோபத்தோடு சொல்கின்றான். நாள் செல்லச் செல்ல அந்த முதியவளே, “எனக்குப் புத்தி மட்டுங்க” என்று ஒப்புக்கொண்டு தலைகுனிகின்றாள். வழக்குத் தொடுத்தவரும் சாட்சியும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் ஒரே குரலிற் பேசும்போது அவ்வழக்கை மீண்டும் எடுத்து விசாரிக்க எவருக்கும் தோன்றுவதில்லை. ஆயினும் விசாரித்தே ஆகவேண்டும் என்பது எமது எண்ணம்.

குற்றச்சாட்டு அற்பமானதன்று. இரத்த அழுத்தக் குளிசையை உண்டதை மறந்து மீண்டும் ஒருமுறை உண்டவள், விடியற்காலையில் எழுந்ததும் தலைசுற்றி லயத்துப் படியில் விழுகின்றாள். அவ்வயதில் முறிந்த இடுப்பெலும்பு எளிதிற் கூடுவதில்லை. சர்க்கரை நோய்க்குரிய கிளிபென்கிளமைட்டை உண்டுவிட்டு உணவைத் தவறவிட்டவர், இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து நினைவிழக்கின்றார். மூட்டுவாதத்திற்கு வாரம் ஒருமுறை உண்ணவேண்டிய மெத்தோட்றெக்சேற்றை நாள்தோறும் உண்டு மாண்டவர்கள் பல நாடுகளிலும் உண்டு. மறதி கொல்லும், அதில் ஐயமில்லை. அந்தக் கொலைக்குப் பொறுப்பாளி மறந்தவரா, மறக்கும்படி வைத்தவர்களா என்பதே கேள்வி.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். மருத்துவர் சொன்னபடி நோயாளி மருந்துண்பதற்கு மேனாட்டு மருத்துவ உலகம் 1970களில் பரவலாக வழங்கிய பெயர் ‘கொம்ப்ளையன்ஸ்’ என்பது. இணங்கி நடத்தல், பணிதல் என்பன அதன் பொருள். உண்ணாதவர் பணியாதவர் ஆனார். உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கையொன்று இச்சொல்லை ஒதுக்கி, நோயாளியின் உடன்பாட்டையும் உட்கொண்ட வேறொரு சொல்லை ஏற்றது. அதே அறிக்கை கூறிய மற்றொரு செய்தி நம்மவரின் தலைகுனிவைச் சிறிது நிமிர்த்த வல்லது: செல்வம் கொழிக்கும் நாடுகளிலேயே நீண்டகால நோய்களுக்கு மருந்தை ஒழுங்காக உண்ணும் வீதம் சராசரியில் ஏறக்குறைய 50 விழுக்காடுதான். ஆகவே இது தோட்டத்துக் கிழவிகளின் தனிக்குறைபாடு அன்று. கல்லூரி கற்ற இலண்டன் மாநகரத்தாரும் குளிசையைத் தவறவிடுகின்றனர். ஆயின் அவர்களைப் பார்த்து ‘புத்தி மட்டு’ என்று எவரும் சொல்வதில்லை.

மருந்துண்பது எத்தகைய வேலை என்பதைச் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும். மாதக் கிளினிக் முடிந்து திரும்பும் முதியவளின் பையிலே ஐந்தாறு சிறிய உறைகள் இருக்கின்றன. சிலவற்றில் ஆங்கிலம், சிலவற்றில் சிங்களம், சிலவற்றில் எம்மொழியும் அல்லாத கோடுகள். காலையிலே என்பதற்கு ‘மானே’ என்றும், இரவிலே என்பதற்கு ‘நொக்ட்டே’ என்றும் எழுதும் இலத்தீன் வழக்கு மருத்துவத்தை இன்னும் விட்டபாடில்லை. உரோமப் பேரரசு வீழ்ந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அதன் மொழி மஸ்கெலியா லயத்துக்குள் அதிகாரம் செலுத்துவது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று!

அந்த உறைகளை வைத்துக்கொண்டு அவள் செய்யவேண்டியது யாது? எழுதியதை அறியவேண்டும், அறிந்ததைத் தன் நாளின் நடைக்கு ஏற்ப ஒரு திட்டமாக மாற்றவேண்டும், ஒன்று உணவுக்கு முன், ஒன்று பின், ஒன்று பாதி என்பவற்றை ஒருங்கே மனத்தில் நிறுத்தவேண்டும், உரிய வேளை வரும்போது, யாரும் நினைவூட்டாமலே நினைவு வரவேண்டும், உண்டபின், உண்டேன் என்பதும் நினைவிருக்கவேண்டும். கடைசி வேலையே கொடியது. நாள்தோறும் ஒரே வகையாகச் செய்யும் செயலில் இன்று செய்ததும் நேற்றுச் செய்ததும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிப் பார்க்கும் அனுபவம் வாசகருக்கும் இருக்கும்.

2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இங்கே கருதத்தக்கது. ‘இரண்டு குளிசை, நாளுக்கு இருமுறை’ என்ற அறிவுறுத்தலை எழுத்தறிவு குறைந்த நோயாளரிடம் காட்டியபோது, அவர்களுள் 71 விழுக்காட்டினர் அதனைச் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளுக்கு வேண்டிய குளிசைகளை எண்ணி எடுத்துக் காட்டுங்கள் என்றபோது 35 விழுக்காட்டினராலேயே முடிந்தது. தம் நாட்டு மொழியில் எழுதப்பட்ட தொடரே இவ்வளவு வழுக்குமாயின், அறியாத மொழியில் எழுதப்பட்டது என்னவாகும்? ‘விளங்கியதா?’ என்று கேட்டதற்கு ‘விளங்கியதுங்க’ என்று விடை வருவது எதற்கும் சான்றாகாது என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கு அறிவோம். வகுப்பிலே தலையசைப்பவர் எல்லாம் பாடம் விளங்கியவர் அல்லர்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தலாகாது. முதுமையில் அறிவாற்றலின் சில கூறுகள் தளர்கின்றன. புதிய செய்தியைக் கிரகிக்கும் வேகமும், பலவற்றை ஒரே வேளையில் மனத்தில் தாங்கும் திறனும் இளமையின் உச்சத்துக்குப் பின் மெல்ல மெல்லக் குறைந்து வருபவை. சொல்வளமும், வாழ்க்கைத் தேர்ச்சியும், பழகிய கைத்திறனும் நெடுங்காலம் நிலைப்பவை. இவற்றின் வேறாக, மூளையை அரிக்கும் மறதிநோய் சிலரைப் பற்றுகின்றது. அது நோய், முதுமையின் இயல்பு அன்று. முதியோர் அனைவரும் முழு மதியுடையோரே என்று முழங்கிவிட்டால் முற்போக்கு ஆகிவிடும் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அவ்வகை முழக்கம் விழுந்து கிடக்கும் கிழவிக்கு உதவாது.

டிக்கோயாப் பக்கத்து லயமொன்றில் எமது மாணவி ஒருத்தியின் அப்பாயி இருக்கின்றார். எழுபதைக் கடந்தவர், எழுத்தறியாதவர், நாற்பதாண்டுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். எந்த மலை எந்த ஆண்டில் கவ்வாத்து வெட்டப்பட்டது, எந்தத் துரை காலத்தில் எத்தனை இறாத்தலுக்கு முழுப்பேர் போட்டார்கள், எவள் எந்த மழையில் பிள்ளை பெற்றாள் என்பவற்றை அவர் தடங்கலின்றிச் சொல்வார். மருந்துக்கும் அவர் ஒரு முறை வகுத்திருந்தார். வெள்ளைக் குளிசை விடியற்காலைத் தேத்தண்ணியோடு. மஞ்சள் குளிசை அந்தியில் விளக்கேற்றிய பின். ஈராண்டுகள் அந்த முறை பிழைத்ததில்லை. ஒரு மாதம் பிழைத்தது. நாம் சென்றிருந்தபோது உறைகளைப் பாயிலே கொட்டிக் காட்டினார்.

“மஞ்சளே வரலீங்க சேர். ரெண்டையும் வெள்ளையாவே குடுத்திருக்காங்க. எது விடியக்காலைக்கு, எது ராவைக்குன்னு நா எப்பிடிக் கண்டுபுடிக்கிறது?”

“நாந்தான் கவர வாசிச்சுச் சொன்னேனே அப்பாயி” என்றாள் பேத்தி.

“நீ பள்ளிக்கூடம் போனப்பொறகு கவரு பேசுமாடி?”

இக்கேள்விக்கு மருத்துவ நூல்கள் விடை சொல்லத் தொடங்கியது அண்மையிலேதான். மாரடைப்புக்குப் பின் மருந்துண்டு வந்த அமெரிக்க நோயாளரை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரையொன்று, குளிசையின் நிறம் மாறியபோது அவர்கள் மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கும், வடிவம் மாறியபோது மூன்றிலிரு பங்கும் மிகுந்ததாகக் காட்டியது. உள்ளிருந்த மருந்து மாறவில்லை. அதைச் செய்த கம்பெனியே மாறியது. படித்தவர்களுக்கும் நிறமே எழுத்தாக இருந்திருக்கின்றது என்பதன்றோ இதன் பொருள்? படித்தவனுக்குச் சுவரிலே நாட்காட்டி, மேசையிலே குறிப்பேடு, சட்டைப் பையிலே கைப்பேசி. தன் நினைவிற் பெரும்பகுதியை வெளியே எழுதி வைத்துவிட்டு, தனக்கு நினைவாற்றல் உண்டு என்று அவன் நம்புகின்றான். அப்பாயி வெளியே எழுதி வைத்தது மஞ்சள் நிறம் ஒன்றையே. அந்த ஏட்டை யாரோ ஒருவர் அறிவிப்பின்றிக் கிழித்துவிட்டார். கிழிந்த பின் அவரது மூளையைப் பழிக்கின்றோம்.

நிறம் ஏன் மாறுகின்றது? கேள்விப்பத்திர முறையில் விலை குறைத்தவரிடம் அரசு மருந்து வாங்குகின்றது. இவ்வாண்டு ஒருவர், அடுத்த ஆண்டு வேறொருவர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்து அருகியபோது இக்குழப்பம் உச்சத்தை அடைந்தது. பொதுப்பெயரில் மருந்து வாங்கும் கொள்கையை நாம் குறை கூறுவதாக எவரும் கருதிவிடக் கூடாது. பேராசிரியர் சேனக்க பிபிலேயும் கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையும், அதன் வழித் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் பன்னாட்டு மருந்துக் கம்பெனிகளின் கொள்ளைக்கு இட்ட கடிவாளத்தை உலகம் பாராட்டியது. அந்தக் கொள்கை இல்லையேல் அப்பாயியின் பாயிலே கொட்டுவதற்குக் குளிசையே இருந்திராது. ஆயின் மலிவான மருந்து ஏழையின் கைக்கு வந்தால் போதாது. அது அவள் அறியும் வடிவில் வரவேண்டும். ஒரு நிறத்தை நிலைநிறுத்தும்படி ஒப்பந்தத்திலே ஒரு வரி சேர்ப்பது வானத்தை வில்லாக வளைப்பதன்று.

முதுமை ஒன்றே காரணமாயின் மிக முதியவரே எப்போதும் மிகுதியாகப் பிழைக்கவேண்டும். 1999இல் டெனிஸ் பார்க் என்னும் உளவியலாளரும் அவர்தம் குழுவினரும் மூட்டுவாத நோயாளரிடம் நடத்திய ஆய்வு அதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது. அறிவாற்றற் சோதனைகளிலே பின்தங்கிய முதியோரே மருந்தை மிக ஒழுங்காக உண்டனர். ஓயாத அலுவலில் உழன்ற நடுவயதினரே மிகுதியாகத் தவறினர். இந்த அமெரிக்க முதியோர் ஓய்ந்த, ஒழுங்கான நாட்களை உடையவர்கள் என்பதை மறவாது நோக்கினால், நம் தோட்டத்து முதியவள் ஏன் தவறுகின்றாள் என்பது புலனாகும். அவளுக்கு முதுமையும் உண்டு, ஓயாத அலுவலும் உண்டு. மருமகள் மலையில், மகன் கொழும்பில், அயல்நாட்டு வீடுகளில் பணிபுரியச் சென்ற மகளின் பிள்ளைகள் இவள் மடியில். விறகும் தண்ணீரும் இவள் பொறுப்பு. தனியார்துறைத் தொழிலாளிக்கு மாதாந்த ஓய்வூதியம் இல்லை. ஊழியர் சேமலாப நிதியிலிருந்து ஒருமுறை கிடைத்த தொகை மகளின் திருமணத்திலும் கூரைத் தகரத்திலும் கரைந்திருக்கும்.

வறுமைக்கும் அறிவாற்றலுக்கும் உள்ள தொடர்பு பற்றித் தமிழ்நாட்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கின்றது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன், கையில் காசற்ற காலத்திலும், அறுவடைக்குப் பின், காசு வந்த காலத்திலும் ஆய்வாளர் சோதித்தனர். அதே மனிதர், அதே மூளை. முன்னைய காலத்தில் அவர்கள் சோதனையில் தாழ்ந்தனர். பின்னைய காலத்தில் உயர்ந்தனர். 2013இல் வெளியான அம்முடிவு பற்றி அறிஞரிடையே வாதங்கள் உள. எனினும் கடன்காரன் வாசலில் நிற்கும்போது கணக்கு வராது என்பதைக் கிராமத்தார் ஆய்வின்றியே அறிவர். நாளைய அரிசியைப் பற்றி நினைக்கும் மனத்துக்கு இன்றிரவுக் குளிசையைப் பற்றி நினைக்க எவ்வளவு இடம் எஞ்சும்?

இன்னும் பின்னே செல்வோம். இன்று எழுபத்தைந்து வயதான தோட்டத்துப் பெண் 1950ஐ ஒட்டிப் பிறந்தவள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவள் பெற்றோரை நாடற்றவராக்கிய காலம் அது. அக்காலத்துத் தோட்டப் பாடசாலை நிருவாகத்தின் கையில் இருந்தது; ஓர் ஆசிரியர், ஓர் அறை, சில வகுப்புகள். தம்பியைத் தூக்கிக்கொள்ளும் வயது வந்ததும் பெண்பிள்ளை அதனின்றும் நின்றுவிடுவாள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். அதற்குள் அவள் தலையிலே கொழுந்துக்கூடை ஏறிவிட்டது.

இதனை எழுத்தறிவுக் குறை என்ற அளவில் மட்டும் கருதுவது போதாது. மறதிநோயை ஆராயும் ‘லான்செட்’ ஆணைக்குழு, தவிர்க்கக்கூடிய காரணங்கள் பதினான்கை 2024இல் எடுத்துரைத்தது. இளமையிற் கல்வி குறைதல் அவற்றுள் ஒன்று. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், மருத்துவம் செய்யப்படாத செவிட்டுத்தன்மை என்பனவும் அப்பட்டியலில் உள்ளன. வட்டம் எவ்வாறு மூடுகின்றது என்பதை வாசகர் காணலாம். பாடசாலையை மறுத்த சமுதாயம் மறதிக்கு வித்திட்டது. அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் நுண்குழாய்களைச் சிதைக்கின்றன. அவற்றை அடக்கும் குளிசையை உண்பதற்கோ அந்த மூளையின் நினைவே வேண்டியிருக்கின்றது.

அம்மூளையை அளக்கும் கோலாவது நேரானதா? 1975இல் அமைக்கப்பட்டு உலகெங்கும் வழங்கிவரும் சிறு மனநிலைச் சோதனை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும். எழுதியதை வாசித்து அதன்படி செய்யச் சொல்லும். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். பள்ளி வாசலை மிதியாதவர் இவற்றில் தோற்பது மூளையின் தோல்வியாகப் பதியப்படும். அரியானா மாநிலத்து வல்லப்கட்டில் எழுத்தறியாத முதியோரிடையே பணியாற்றிய ஆய்வாளர்கள் 1990களில் இச்சோதனையை இந்தியில் அவர்களுக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். கொழுந்து நிறுக்கும் தராசின் முள்ளை நாற்பதாண்டு கவனித்து, தன் கணக்கில் ஒரு கிலோ குறைந்தாலும் கண்டுபிடித்தவளின் எண்ணறிவை அளக்க, அவளது வாழ்விலிருந்தே வினா எழவேண்டும்.

இனி நமது பழைய நூல்கள் இதுபற்றி என்ன நினைத்தன என்று பார்ப்பது வீண் வேலை ஆகாது. வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே மருத்துவத்தை நான்கு பாலாக வகுத்தார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து மருந்தை ஊட்டுபவன். நான்காமவனை ‘உழைச்செல்வான்’ என்பார். உரைகண்ட பரிமேலழகர் ஒவ்வொன்றுக்கும் நான்கு நான்கு இலக்கணம் கூறுகின்றார். நோயுற்றவனுக்கு வேண்டியவை பொருளுடைமை, மருத்துவன் வழிநிற்றல், நோயின் நிலையை உணர்த்தும் வன்மை, மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் என்பன. உழைச்செல்வானுக்கு வேண்டியவை நோயாளியிடத்து அன்பு, தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் திறன், அறிவு என்பன.

இவ்வரிசையை வடமொழிச் சரகசங்கிதையோடு ஒப்பிட்டால் ஒரு வியப்பு காத்திருக்கின்றது. சரகர் நோயாளிக்குக் கூறும் குணங்கள் நான்கில் முதலாவது நினைவாற்றல். பிற்காலத்து வாக்படர் அதே நான்கைக் கூறுமிடத்து நினைவாற்றல் மறைந்து, அந்த இடத்தில் செல்வம் வந்து அமர்கின்றது. பரிமேலழகர் வாக்படர் வழியை ஒட்டியே பொருளுடைமையை முதலில் வைத்தார் போலும். எம்மைப் போன்ற தமிழாசிரியர்கள் இதனை உரைவேறுபாடு என்று எழுதி மதிப்பெண் பெற்றுவிட்டு நகர்ந்துவிடுவோம். நின்று பார்த்தால், நினைவும் பொருளும் ஒன்றன் இடத்தை ஒன்று நிரப்பக்கூடியவை என்ற உலகியல் உண்மை அங்கே கிடக்கின்றது. பொருளுடையவன் மறந்தால் தாதி நினைவூட்டுவாள். மறந்தால் அழிவது பொருளற்றவன் மட்டுமே.

உரையாசிரியர் கண்ட மற்றொன்று இதனினும் ஆழமானது. அறிவுடைமையை அவர் நோயாளியின் இலக்கணத்தில் வைத்தாரல்லர்; அருகிருப்பவனின் இலக்கணத்தில் வைத்தார். நோயுற்றவனிடம் அவர் எதிர்பார்த்தவற்றுள் அறிவைச் செலுத்தவேண்டியது ஒன்றே: தன் உடல் எப்படி இருக்கின்றது என்று சொல்வது. மருந்தின் கணக்கை நினைவில் வைத்திருக்கும் பாரம் மற்றவனுடையது. நவீன காலம் செய்த மாற்றம் என்னவெனில், உழைச்செல்வானை நீக்கிவிட்டு அவன் தலையில் இருந்த சுமையை நோயாளியின் தலையில் ஏற்றியதுதான். மருத்துவனின் நேரம் மூன்று நிமிடமாகச் சுருங்கியது. குளிசைகள் ஐந்தாறாகப் பெருகின. எஞ்சியதெல்லாம் கிழவியின் பாடு.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும், அது வலுவானது. அறிவை அருகிருப்பவரிடம் ஒப்படைத்தால் முதியவரின் சுதந்திரம் என்னாவது? தன் வாயில் எதை இடுவது என்று தீர்மானிக்கும் உரிமையே மனிதனுக்கு மிஞ்சும் கடைசி உரிமையன்றோ? தோட்டத்திலே இக்கேள்வி ஏட்டுக் கேள்வி அன்று. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் முதலாக, கோப்பித் தோட்டத்திலும் பின்னர்த் தேயிலைத் தோட்டத்திலும் வைத்தியம் தொழிலாளியை வேலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் ஏற்பாடாகவே வளர்ந்தது. றொக்பெல்லர் நிறுவனத்தார் 1916 முதல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பை நடத்தியபோது, தொழிலாளரை வரிசையில் நிறுத்தி, துரைமாரின் ஆணையின் துணையோடு மருந்து விழுங்கச் செய்தனர். நோய் உண்மையானது; மருந்தும் பயன் தந்தது. ஆயினும் வரிசையில் நின்றவர் அதனை மற்றொரு கட்டளையாகவே அறிந்தார். பணிதல் என்ற சொல் மருத்துவ நூலில் எழுதப்படுமுன்பே பிரட்டுக்களத்தில் எழுதப்பட்டிருந்தது.

சென்னையில் நடந்தது வேறு கதை. 1956இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையத்தில் வொலஸ் பொக்ஸ் என்பவரும் இந்திய மருத்துவரும் ஒரு கேள்வியை எழுப்பினர்: நெருக்கடியான வீடுகளில், அரைவயிறு உண்டு வாழும் ஏழைகள் வீட்டில் இருந்தே ஓராண்டு முழுவதும் மருந்துண்பார்களா? நோயாளர் வீட்டில் குளிசைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர், தவறியவரைத் தேடி வீட்டுக்குச் சென்றனர். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. வீட்டிலே மருந்துண்டவர், மாளிகை போன்ற மருத்துவமனையில் நல்லுணவோடு படுத்திருந்தவருக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தனர். ஏழையால் முடியாது என்ற எண்ணம் அங்கே உடைந்தது. ஆனால் எதனால் உடைந்தது? தேடி வந்த கால்களால். இந்த அனுபவத்திலிருந்தே, ஒருவர் முன்னிலையில் மருந்துண்ணச் செய்யும் முறை பின்னர் உலகெங்கும் பரவியது. சில இடங்களில் அது மீண்டும் காவலாகவும் மாறிற்று.

காவலுக்கும் துணைக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு கேள்வியில் தங்கியிருக்கின்றது. காவலாளி ‘உண்டாயா?’ என்று மட்டும் கேட்பான். துணைவன் ‘ஏன் உண்ணவில்லை?’ என்றும் கேட்டு, விடைக்குக் காத்திருப்பான். முற்கூறிய அப்பாயி மாதத்தில் இரண்டொரு நாள் நீரிறக்கும் குளிசையை விட்டுவிடுவார். மறதி என்றே அனைவரும் எண்ணினர். ஹற்றனுக்குப் பஸ் ஏறும் நாட்கள் அவை. வழியிலே பெண்கள் ஒதுங்க இடமில்லை. அது மறதியன்று, தீர்க்கமான ஆலோசனை. ஆபத்தான ஆலோசனையாகவும் இருக்கலாம். ஆயின் யாராவது கேட்டிருந்தால், அந்நாட்களில் எந்த வேளைக்கு அதை மாற்றலாம் என்று வைத்தியரிடம் விசாரித்திருக்கலாம். இதை அறியாத ஒருவர் அந்தக் குளிசையைத் தேத்தண்ணியிற் கரைத்து அவருக்குத் தெரியாமற் புகட்டியிருந்தால் அது அன்பின் பெயரால் நடந்த வஞ்சனையே ஆகும். நோய் முற்றி, தன்னையே மறந்தவருக்கு அவ்வாறு செய்யலாமா என்பது கடினமான கேள்வி. மருத்துவரும் குடும்பத்தாரும் கூடி, வேறு வழியில்லை என்று வெளிப்படையாகத் தீர்மானித்த பின்னரே செய்யத்தக்கது அது. தன் பஸ்ஸையும் தன் கோயிலையும் நினைவில் வைத்திருப்பவளிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அவ்வாறாயின் உழைச்செல்வான் யார்? இன்று அது பேத்தி. பத்தாம் வகுப்புப் பெண்ணொருத்தி காலையில் உறைகளைப் பிரித்து வைத்துவிட்டே பாடசாலைக்கு ஓடி வருகின்றாள். கிளினிக் நாளில் வருவதே இல்லை. வரவுப் பதிவேட்டில் நாம் இடும் ‘வரவில்லை’ என்ற குறிக்குப் பின்னால் ஒரு மருந்தாளரின் வேலையும், ஒரு மொழிபெயர்ப்பாளரின் வேலையும், ஒரு தாதியின் வேலையும் ஊதியமின்றி நடந்துகொண்டிருக்கின்றன. பாட்டிக்குப் படிப்பு இல்லாமற் போனதன் விலையைப் பேத்தி தன் படிப்பினாற் செலுத்துகின்றாள். குடும்பப் பாசம் என்று இதைப் போற்றிப் பேசுவோரிடம் நாம் ஒன்றே கேட்போம்: இந்தப் பாசம் ஏன் எப்போதும் பெண்பிள்ளையின் வரவுப் பதிவேட்டிலேயே குறைகின்றது?

இலங்கை அரசுக்கு வாசல் தேடி வரத் தெரியாது என்று சொல்ல முடியாது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையிலிருந்து வளர்ந்த ஏற்பாட்டில், குடும்பநல மருத்துவமாது கருவுற்ற பெண்ணின் வீட்டுக்கு நடந்தே வருகின்றாள், எடையைப் பார்க்கின்றாள், இரும்புச்சத்துக் குளிசை உண்டாளா என்று கேட்கின்றாள், குழந்தை பிறந்தபின் மீண்டும் வருகின்றாள். பிரசவ மரணத்தைக் குறைத்ததில் இந்நாடு உலகுக்கு எடுத்துக்காட்டாயிற்று. தோட்டங்களுக்கு அப்பயன் பிந்தி வந்தது, எனினும் வந்தது. அதே நடை, அதே கேள்வி, லயத்தின் அடுத்த கதவிலே இருக்கும் முதியவளிடம் ஏன் செல்வதில்லை? பிறக்கும் பிள்ளை நாளைய தொழிலாளி. முதியவள் நேற்றைய தொழிலாளி. 1872இன் கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை.

பெரிய மாற்றங்கள் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. ஓர் உறையின் மேல் நான்கு தமிழ்ச் சொற்களைப் பதிக்க அதற்கு மேல் எந்தச் சட்டமும் வேண்டாம். எழுத்தறியாதவருக்கு உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், பிறை என்று மூன்று முத்திரைகள் போதும். இறப்பர் முத்திரை வெட்டுவோர் ஹற்றன் நகரிலேயே உளர். ‘விளங்கியதா?’ என்று கேட்பதை விட்டு, ‘இரவுக்கு எதை உண்பீர்கள், எடுத்துக் காட்டுங்கள்’ என்று கேட்கலாம். ஆண்டுக்கொரு முறையேனும் எல்லாக் குளிசைகளையும் மேசையிலே பரப்பி, எவை இனி வேண்டாம் என்று வைத்தியர் பார்க்கலாம். நினைவுக்குச் செய்யக்கூடிய பேருதவி நினைக்கவேண்டியதைக் குறைப்பதுதான். நாள் குறித்த சிறுபெட்டியும் அட்டவணையும் சேர்ந்து மிக முதியோரின் பிழைகளைக் குறைத்ததை 1992இன் ஆய்வொன்று காட்டியிருக்கின்றது. அத்தகைய பெட்டியைத் தீப்பெட்டிகள் ஏழை ஒட்டிப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். குளிசை நிறம் மாறுமாயின், மாறும் அன்று அதைக் கையில் வைத்துக் காட்டி, ‘பழைய மஞ்சளுக்குப் பதில் இது’ என்று ஒரு வாக்கியம் சொல்வதற்கு மருந்துச் சாளரத்தில் அரை நிமிடம் வேண்டும். அந்த அரை நிமிடத்தை யார் தருவது, அதற்கு எத்தனை பேரை மேலதிகமாக நியமிப்பது என்பது வரவு செலவுத் திட்டத்துக்குரிய கேள்வி. அதனை அங்கேதான் கேட்கவேண்டும்.